55க்குக் கீழே வந்தால் பாஸ்

குறைந்த மார்க் எடுத்தவனுக்கு மாலை போடும் பரீட்சை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பெயர் கிளைசெமிக் இண்டெக்ஸ். இதில் சென்டம் வாங்கியிருப்பது குளுக்கோஸ். அதைத்தான் வாசலோடு திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். 55க்குள் நின்றால் நல்ல பிள்ளை. 70ஐத் தொட்டால் டி.சி. வேர்க்கடலை வாங்கியது ஏறக்குறைய 14. நான் படித்த காலத்தில் கணக்கில் 14 எடுத்தவனை யாரும் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடியதில்லை.

1981இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஆரம்பித்து வைத்த வேலை இது. வெறும் வயிற்றோடு ஆட்களை உட்கார வைத்து, 50 கிராம் மாவுச்சத்து வரும்படி ஒரு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் விரலைக் குத்திக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து அந்த உணவுக்கு மார்க் போடுவார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் சர்க்கரை நோயாளிகள். தொப்பைக்காரர்கள் நாங்கள் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தோம்.

நுழைய வைத்தவள் என் மனைவி. இந்த மார்க் பட்டியலைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு, அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றினாள். சென்னையில் சோதித்தபோது பொன்னி, சோனா மசூரி இரண்டுமே 70ஐத் தாண்டியிருக்கின்றன. அதிலும் சோறு குழையக் குழைய எண் ஏறும். குக்கரில் ஒரு விசில் கூடினால் அவள் என்னைப் பார்க்கும் பார்வை, நானே உள்ளே உட்கார்ந்து விசில் அடித்தது போல இருக்கும்.

“கேழ்வரகு நல்லதுதானே?” என்று கேட்டேன்.

“நைசா அரைச்சுக் கஞ்சி காய்ச்சினா அதுவும் ஏறும்ங்க. முழுசா இருக்கணும், மென்னு தின்னணும்.”

மென்று தின்பது என்றால் சுண்டல். மூக்குக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மறுபடி மூக்குக்கடலை. நவராத்திரிக்கு ஒன்பது நாளோடு முடிகிற சமாச்சாரம் எங்கள் வீட்டில் மட்டும் விஜயதசமியே வராமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்த மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்குச் சோறு போடறதை நிறுத்திட்டியாடி?” என்று மகளைக் கேட்டார். அவர் மீது எனக்குப் பெருமதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

பட்டியலை நானும் வரி வரியாகப் படித்தேன். வக்கீல் கண்ணோடு படித்தால் எதிலும் சந்து கிடைக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கைவிட எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கு மார்க் குறைவு! ஐஸ்கிரீமும் பாஸ்! கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும், காரணம் அவ்வளவுதான். சில பட்டியல்களில் தர்பூசணி 70க்கு மேல் வாங்கி ஃபெயில். பாவம், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீராக இருக்கும் பழம் அது. சோதனைக்கு வேண்டிய 50 கிராம் மாவுச்சத்து அதிலிருந்து கிடைக்க அரைக்கிலோவுக்கு மேல் விழுங்க வேண்டும்.

“அப்போ சிப்ஸ் வாங்கட்டுமா?” என்றேன்.

“அந்த எண் எவ்வளவு வேகமா ஏறுதுன்னுதான் சொல்லும். எவ்வளவு தின்னலாம்னு சொல்லாது” என்றாள்.

அதோடு வழக்கு தள்ளுபடி. அவள் சொன்னதுதான் விஷயமே. ஒரே கலோரிக் கணக்கில் சாப்பிடும்போது, இந்த எண்ணைக் குறைத்ததால் மட்டும் எடை பெரிதாக இறங்கிவிடுவதில்லை என்றுதான் பல ஆய்வுகளும் சொல்கின்றன. எனக்கு பெல்ட் ஒரு துளை உள்ளே போனது உண்மை. அந்தப் பெருமை தாடைக்கு. சோற்றை ரசம் ஊற்றி ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஒரு கிண்ணம் மூக்குக்கடலையை அப்படி இறக்க முடியாது. பாதிக் கிண்ணத்திலேயே வாய் வலித்து, வயிறும் போதும் என்று சொல்லிவிடுகிறது. மறுசோறு கேட்பதுபோல மறுசுண்டல் கேட்டவனை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் படித்தேன். காய்கறியையும் பருப்பையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாதாம். வீட்டில் இது நடக்கிறது. கல்யாணப் பந்தியில்தான் நடப்பதில்லை. பொரியல் இலையில் விழுந்து மூச்சு விடுவதற்குள் சோற்று வாளி வந்து நிற்கிறது. வேண்டாம் என்று கையை நீட்டினால் நீட்டிய கையைச் சுற்றிக் குவிக்கிறார்கள். பந்தி விசாரிக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பொரியல், கூட்டு, அவியலை முதலில் அனுப்புங்கள், சோற்று வாளியைப் பத்து நிமிடம் அடுப்படியிலேயே பிடித்து வையுங்கள். பாயசத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது வருகிறபோது வரட்டும்.