வழக்கமான முறை

பூகோளம் கற்பிக்கும் முறையில் பிஎச்.டி. வாங்க அன்றும் இன்றும் ஒரே ராஜபாட்டைதான். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு பிரிவுக்குப் புதுமுறையில் பாடம். அது சோதனைக் குழு. இன்னொன்றுக்கு ‘வழக்கமான முறை’. அது கட்டுப்பாட்டுக் குழு. முன்தேர்வு, பின்தேர்வு, டி-டெஸ்ட். 0.05 மட்டத்தில் புதுமுறை ஜெயித்துவிடும். தோற்றுப்போனதாக ஓர் ஆய்வேடு வைவா வரைக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் என்னுடைய புதுமுறை ஓ.எச்.பி. என்ற ஓவர்ஹெட் புரொஜெக்டர். கல்லூரிக்கே ஒன்றுதான் இருந்தது. போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். கண்ணாடித் தாள் ஒன்றில் இந்தியாவின் வெளிக்கோடு. அதன்மேல் மேற்குத் தொடர்ச்சி மலை வரைந்த தாள். அதற்கும் மேலே தென்மேற்குப் பருவக்காற்றின் நீல அம்புகள். மூன்றாவது தாளை வைத்ததும், மழையெல்லாம் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு நம் பக்கம் ஏன் வறட்டுக் காற்றாக இறங்குகிறது என்பது பையன்களுக்குப் பளிச்சென்று விளங்கும். கரண்ட் இருந்தால். பக்கத்து அறையில் கட்டுப்பாட்டுக் குழு, சுவர்ப்படத்தையும் பிரம்பையும் வைத்துக்கொண்டு அதே மலையை ஏறிக்கொண்டிருக்கும். ஓ.எச்.பி. வென்றது, எனக்கு டாக்டர் பட்டம் வந்தது.

பிறகு நானே கைடு ஆனேன். என்னிடம் முதலில் சேர்ந்தவர் கம்ப்யூட்டர் சி.டி.யை எடுத்துக்கொண்டார். ‘வழக்கமான முறை’ என்று அவர் பட்டியலிட்டதில் என் ஓ.எச்.பி.யும் இருந்தது! சி.டி. வென்றது. அடுத்தவரின் பவர்பாயிண்ட் சி.டி.யை வென்றது. 2005இல் கூகுள் எர்த் வந்து பவர்பாயிண்டை ஓரங்கட்டியது. இப்போது ஏ.ஐ. வரிசையில் நிற்கிறது. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குள் வீட்டுச் சட்டை ஆகிற கதைதான். நான் கையெழுத்துப் போட்ட ஆய்வேடுகளையெல்லாம் நம்பினால், இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அட்லஸையே கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

சமீபத்தில் ஒரு பி.எட். மாணவியிடம், நின்ற இடத்திலிருந்தே வடக்கைக் காட்டச் சொன்னேன். அவர் கூரையைக் காட்டினார். “மேப்பில் வடக்கு மேலேதானே சார்?” அவரைக் குறை சொல்ல மாட்டேன். படத்தைச் சுவரில் மாட்டினால் வடக்கு கூரைக்குத்தான் போகும். எனக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் படத்தைத் தரையில் விரித்து வடக்கு பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்வார். அதற்கு ஐந்து பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ, அதை வைத்து ஆய்வு செய்கிறேன் என்று ஒருவரும் என்னிடம் வந்ததில்லை.

அந்தக் காலத்தில் டோப்போஷீட் என்ற நிலவரைபடத் தாள் பிரின்சிபால் அறை பீரோவில் பூட்டியிருக்கும். கடலோரத் தாள்களுக்கு அரசே கட்டுப்பாடு வைத்திருந்தது. கடலூர்ப் பையன் தன் ஊரைத் தாளில் பார்க்க முடியாது; யாரோ ஒருவருடைய ஊர்க் குன்றின் சமஉயரக் கோடுகளைத் தடவிப் பழகலாம். 2005 வரைபடக் கொள்கை கொஞ்சம் தளர்த்தியது, 2021 விதிமுறைகள் நன்றாகவே தளர்த்தின. இன்று சர்வே ஆஃப் இந்தியா தளத்திலிருந்து 1:50,000 தாளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்கள் துறையில் யாரும் இறக்கியதாகத் தெரியவில்லை. பூட்டியிருந்தபோதாவது சாவி கேட்டு நாலு பேர் வந்தார்கள்.

பி.எட். விதியும் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கிறது. நான் படித்தபோது ஓராண்டு. 2015இல் ஈராண்டாக்கினார்கள். 2025 வரைவு விதிகளில், முதுகலையோ நான்காண்டு இளங்கலையோ முடித்தவர்களுக்கு மறுபடியும் ஓராண்டு. இதில் எது சோதனைக் குழு, எது கட்டுப்பாட்டுக் குழு என்று யாரும் சொல்லவில்லை.

கட்டுரை எழுதுவது தனிக் கூத்து. சென்னையில் 1926இல் மெட்ராஸ் ஜியாக்ரபிகல் அசோசியேஷன் தொடங்கி, அதே ஆண்டு பத்திரிகையும் போட்டார்கள். எழுதியவர்களுக்கு மார்க் கிடையாது. எழுத விஷயம் இருந்தது. யு.ஜி.சி. 2010இல் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளையும் எண்ணும் ஏ.பி.ஐ. புள்ளி கொண்டுவந்ததும் பணம் கட்டினால் மூன்றே நாளில் அச்சேற்றும் ‘சர்வதேச’ இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவற்றை வடிகட்ட 2019இல் தரமான இதழ்களின் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். பட்டியலில் இருந்த இதழ் எது என்று பார்த்துப் பார்த்து எழுதிய என் சிஷ்யப்பிள்ளைகள், இப்போது யாரை நம்பி எழுதுவது என்று கேட்கிறார்கள்.

இளம் ஆய்வாளர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். தரையில் விரித்த படத்தைச் சோதனைக் குழுவுக்கும் ஏ.ஐ.யைக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் கொடுத்து யாராவது ஒருமுறை பாருங்கள். எது தோற்றாலும், தோற்றது என்றே எழுதுங்கள். வைவாவுக்கு டி.ஏ. கேட்காமல் வருகிறேன்.