சராசரியாக நான் கெட்டிக்காரன்

பி.காம். படித்தபோது வணிகப் புள்ளியியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். திட்ட விலக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லுக்கு வேலை கேட்டுப் போனபோது அந்த மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் நீட்டினேன். அவர்களும் நம்பித் தரக்கட்டுப்பாட்டில் உட்கார வைத்தார்கள். பாவம்.

அங்கே ஓடுவது கட்டடக் கம்பி. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இந்த எண் வந்துவிடும். சைட்டில் நிற்கிற மேஸ்திரிக்குக்கூட மனப்பாடம். ஐ.எஸ். 1786 தரநிலை இந்த அளவுக் கம்பிக்கு 5 சதவீதம் முன்பின்னாக இருக்க இடம் கொடுக்கிறது. ஒரு நாளில் ஓடுகிற கம்பி மொத்தத்தையும் துண்டு போட்டு நிறுத்துப் பார்த்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் முழுமைத் தொகுதியிலிருந்து சில துண்டுகளை மட்டும் மாதிரியாக எடுக்கிறோம். அந்தத் துண்டுகளை எடுப்பது என் வேலை.

சுடச்சுட வரும் கம்பி ஆறுகிற கூலிங் பெட் பக்கம் போய் நின்றால் முகம் வெந்துவிடும். சித்திரை மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே காலை டீ முடிந்ததும், லாரி ஏற்றும் ஷெட்டின் நிழலில் கிடக்கும் பண்டிலில், அதிலும் மேலாகக் கிடக்கிற கம்பியில், ஹெல்பரை விட்டு ஒரு மீட்டர் வெட்டி வாங்கிக்கொள்வேன். எல்லாமே பகல் ஷிஃப்ட் சரக்கு. என் ரெஜிஸ்டரைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும், 0.88, 0.89, மறுபடி 0.88. ஒரு நாள் ரெட்ஹில்ஸ் பக்கம் போன லோடு எடை குறைகிறது என்று அப்படியே திரும்பி வந்தது. ராத்திரி ஷிஃப்டில் ரோலில் பாஸ், அதாவது கம்பிக்கு அளவு கொடுக்கும் பள்ளம், மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் கம்பி மெலிந்து வந்திருக்கிறது. என் தராசு அந்தக் கம்பியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஃபோர்மேன் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க நிறுத்தது கம்பிய இல்ல, நிழல.”

1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸுக்கு என்னைப் போன்றவர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பைக் கணக்கெடுத்தபோது, ஒரே வட்டாரத்துக்குத் தனித்தனிக் குழுக்களை அனுப்பி, இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எவன் வயலில் இறங்கினான், எவன் மரத்தடியில் உட்கார்ந்தான் என்பது அதில் தெரிந்துவிடும். அவர் பிறந்த ஜூன் 29-ஐத்தான் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் அடங்கியே இருப்பேன்.

திருந்தினேன். சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பிரிண்ட் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லா ஷிஃப்டுக்கும் போனேன். அந்த வார அறிக்கையில் ஒரே வரி: சராசரி 0.888. தசமத்துக்குக்கூடப் பிசகில்லை. பெரிய மேனேஜர் கை கொடுத்தார். அந்தக் கை சூடு ஆறுவதற்குள் இன்னொரு லோடு திரும்பியது. பாஸ் புதிதாக இருந்தபோது ஓடிய கம்பி 0.830, தேய்ந்த பாஸில் ஓடியது 0.946. இரண்டும் தரநிலைக்கு வெளியே. ஆனால் இரண்டையும் கூட்டி வகுத்தால் அச்சு அசல் 0.888! படிவத்தில் திட்ட விலக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. நிரப்பியிருந்தால் 0.058 என்று கத்தியிருக்கும். அது எனக்குத்தான் தூக்கத்திலேயே தெரியுமே என்று காலியாக விட்டுவிட்டேன்.

சராசரி என் சொந்தபந்தத்தையும் விடவில்லை. பொன்னேரியில் இருக்கும் சித்தி மகன் வேலை தேடிக்கொண்டிருந்தான். “எங்க செக்ஷன்ல சராசரிச் சம்பளம் 25,000-டா” என்றேன். பொய்யில்லை. செக்ஷனில் பத்துப் பேர். ஒன்பது பேருக்கு ஆளுக்கு 14,000, மேனேஜருக்கு 1,24,000. கூட்டிப் பத்தால் வகுத்துப் பாருங்கள். இடைநிலை அளவும் 14,000, முகடும் 14,000 என்று அவனிடம் நான் சொல்லவில்லை; அவன் கேட்கவுமில்லை. முதல் சம்பளம் வாங்கிய அன்று லோக்கல் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: “அண்ணா, அந்த 25,000 வாங்குற ஆளு யாருண்ணா?” கவரைப்பேட்டையில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடவும் வழியில்லை. சித்தி வீட்டில் இப்போதெல்லாம் காபியில் சர்க்கரை குறைவு. ஒரு டம்ளரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று தெரியும். இருந்தாலும்.

கடைசியாகக் கேண்டீன் கருத்துக்கணிப்பு. சாப்பாட்டுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லித் தமிழில் படிவம் அடித்து, மத்தியானம் கேண்டீனுக்குள்ளேயே கொடுத்து வாங்கினேன். பில்லட் தூக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் அறையிலேயே பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் கேண்டீனுக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகையும் இப்படித்தான் ஒரு பகுதி ஆட்களை விட்டுவிட்டுக் கருத்துக் கேட்டது. டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளாகப் பார்த்து வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன்தான் அடுத்த அதிபர் என்றது. 48 மாநிலங்களில் 46-இல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். 1938-இல் பத்திரிகை நின்றுபோனது. நான் இன்னும் சம்பளம் வாங்குகிறேன்.

படிவத்தில் பிரிவுக்கு ஒரு குறியீடும் வைத்திருந்தேன்: ஃபர்னஸ் 1, ரோலிங் 2, ஸ்டோர்ஸ் 3. எக்ஸெல் அதற்கும் சராசரி போட்டு 1.9 என்றது. அதையும் மேலே அனுப்பினேன். 1.9 எந்தப் பிரிவு என்று யாரும் கேட்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். சாப்பாட்டுக்குக் கிடைத்த 4.2-ஐக் கேண்டீன் காண்டிராக்டர் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். அடுத்த மாதமே சாப்பாடு 5 ரூபாய் ஏறியது. நோட்டீஸில் காரணம்: ‘தொழிலாளர் கருத்துக்கணிப்பின் அடிப்படையில்’. கீழே என் பெயர்.

வரிசையில் நிற்கும்போது எல்லோரும் பார்க்கிற பார்வை தாங்க முடியாமல் நான் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டேன். அடுத்த கருத்துக்கணிப்பில் நானும் கணக்கில் வரமாட்டேன்.