பருத்தித்துறையில் திமிங்கிலம் தெரியுமா?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் திமிங்கிலம் பார்க்க வேணும் எண்டு நிற்கினம். பருத்தித்துறைக்குப் போய் ஒரே நாளிலை பார்த்து வரலாமோ?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பருத்தித்துறையில் வடை கிடைக்கும். திமிங்கிலத்துக்குத் திருகோணமலைதான் போக வேணும். எங்கள் பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. 25 மீற்றர் நீள நீலத் திமிங்கிலத்துக்கு அது குளிக்கவும் காணாது. திருகோணமலையிலோ துறைமுக வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். படகுகள் விடியற்காலையில் புறப்படுவதால் முதல் நாளே போய்த் தங்குங்கள். படகுக்குப் பயந்த அம்மம்மா கோணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றே கடலைப் பார்க்கலாம். அதிர்ஷ்டமிருந்தால் அங்கிருந்தும் தெரியும். ஒன்று மட்டும்: “இன்னும் கிட்டப் போ” என்று படகோட்டியை நெருக்காதீர்கள். அது திமிங்கிலத்தின் வீடு, நாங்கள் விருந்தாளிகள்.