கந்தக பூமியில் கூலன்ட் காணாமற்போவது குறித்து

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு, 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியோடு, மழை ஏமாற்றும் வறண்ட வானமும் ஒரு காரணம் என்று தொழில் வரலாறு எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். பட்டாசு மருந்தைக் காயவைக்கும் அதே வெயில், பட்டாசு ஏற்றிச் செல்லும் லாரியின் அடியில் சொட்டிய கூலன்ட்டையும் யார் கண்ணிலும் படுவதற்குள் காயவைத்துவிடுகிறது என்பதை மட்டும் அவர்கள் எழுதுவதில்லை. தடயத்தை வெயிலே அழித்துவிடும் இவ்வட்டாரத்தில், டீசல் இன்ஜினில் கூலன்ட் எங்கே போகிறது என்று கண்டறிவது, விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட பட்டறைகளில் தனியொரு புலனாய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

கூலன்ட் என்பது, எத்திலீன் கிளைகால் என்னும் இனிப்பான நச்சுத் திரவத்தையும் துருப்பிடிக்காமல் காக்கும் சில வேதிப்பொருள்களையும் தண்ணீரில் கலந்து, இன்ஜினின் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு வருவதற்காக ஓடவிடப்படும் கலவையாகும். குளிர்நாடுகளில் இது உறைந்துபோகாமல் இருப்பதற்காக ஊற்றப்படுவதால், ஐஸ் கம்பெனியைத் தவிர வேறெங்கும் தண்ணீர் உறைந்து பார்த்திராத விருதுநகர் மாவட்டத்தில் இந்தச் செலவு எதற்கு என்று லாரி உரிமையாளர்கள் கேட்பது நியாயம்போலத்தான் படும். விடை உறைநிலையில் இல்லை, கொதிநிலையில் இருக்கிறது. சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே ஏறத்தாழ 107 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால், 125 டிகிரியைக் கடந்த பிறகே கொதிக்கத் தொடங்கும். இதை ஏற்காதவர்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றுகின்றனர். உப்புக் கரிக்கும் அத்தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து, கூலன்ட் வாங்காமல் மிச்சம்பிடித்த தொகையைச் சிந்தாமல் சிதறாமல் ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கூலன்ட் குறைகிறது என்ற செய்தி பரவியவுடன் எழும் கோட்பாடுகள், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அமைகின்றன. கிளீனர் காலையில் சரியாகப் பார்த்து ஊற்றுவதில்லை என்பது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வாய்ப்புள்ள உரிமையாளரின் கோட்பாடு. ரேடியேட்டரே பழசு என்பது, எப்படியும் தம் கையிலிருந்து காசு போகாது என்று அறிந்த டிரைவரின் கோட்பாடு. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்கிற்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டிற்கும் நடுவே எரிந்த வாயுவும் கூலன்ட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி தடுக்கும் தகடு, போய்விட்டது என்பது பட்டறைக்காரரின் கோட்பாடு; இதில் கூலி அதிகம் என்பதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். டீக்கடையில் கிடைப்பது மஞ்சள்தூள் சிகிச்சை. மஞ்சள்தூளை ரேடியேட்டரில் கொட்டினால் அது ஊறிப்போய் ஓட்டையை அடைக்கும் என்பது லாரிக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை, சில வேளைகளில் அடைக்கவும் செய்யும். ஆனால் எது ஓட்டை, எது குழாய் என்று பிரித்தறியும் விவேகம் மஞ்சளுக்குக் கிடையாது என்பது அடுத்த ஏற்றத்தில் தெரியவரும்.

இக்கோட்பாடுகள் யாவும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: எவ்வளவு குறைகிறது என்று எவரும் அளப்பதில்லை. “வண்டி தண்ணி குடிக்குதுங்கிறியே, எவ்வளவுதான்டா குடிக்குது?” என்று உரிமையாளர் கேட்டால், “கொஞ்சந்தான் அண்ணாச்சி” என்பதே கிளீனரின் வாக்குமூலம். இந்தக் “கொஞ்சம்” கால் லிட்டரில் தொடங்கி ஒரு வாளி வரை நீளக்கூடியது. மேலும், கூலன்ட் சூடேறினால் விரியும் இயல்புடையது. ஆகவே விரிவதற்கு இடம் விடாமல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால், மிகுதியை அது வழிந்தோடும் குழாய் வழியே வெளியே தள்ளிவிட்டுத் தனக்கு வேண்டிய மட்டத்தில் நின்றுகொள்கிறது. மறுநாள் மட்டம் இறங்கியிருப்பதைக் கண்டு மீண்டும் விளிம்புவரை நிரப்பி, மீண்டும் இறங்கியது கண்டு வருந்தும் பக்தர்கள் பலர். இவர்களுடைய லாரிகளுக்கு எந்த நோயும் கிடையாது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும் விடியற்காலையில் தொட்டியின்மீது ஒரு கோடு கிழித்து, கிலோமீட்டர் கணக்கோடு சேர்த்து ஒரு வாரம் எழுதிவந்தாலே வழக்குகளில் கணிசமானவை தள்ளுபடியாகிவிடும்.

எஞ்சியவற்றை அறிவதுதான் கடினம். நீரோட்டப் பம்ப், அதாவது பட்டறை வழக்கில் “வாட்டர் பாடி”, ஹோஸ், கிளாம்ப் ஆகியவற்றில் கசிவு இருந்தால் உலர்ந்த படிவு காட்டிக்கொடுத்துவிடும். வாணவெடிக்குப் பச்சை நிறம் தரும் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தபோதும், ஹோஸ் முனையில் பூக்கும் பச்சைப் படிவுக்குத் தடை ஏதும் விதிக்கவில்லை. அதைக் கண்ட மெக்கானிக்கிற்கு அன்றைக்கே தீபாவளி. படிவே இல்லாத கசிவுகளோ பெரும்பாலும் சூடேறி உலோகம் விரியும்போது மட்டும் வாய்திறக்கும் மயிரிழை விரிசல்கள். முழு லோடோடு செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் முனகிச் செல்லும்போது கூலன்ட் குறையும். வெறும் வண்டியாகப் பட்டறைக்கு வந்தால் ஒரு துளியும் குறையாது. சரி, லோடோடு வரச்சொல்லிப் பார்க்கலாமே என்றால், லோடு பட்டாசு. கேஸ் வெல்டிங்கும் கிரைண்டரும் பொறி பறக்கவிடும் இடத்திற்குள் அதை அனுமதிக்கும் பட்டறைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. ஆக, குற்றம் நிகழும் நிலையில் வண்டியைச் சோதிக்க முடியாது, சோதிக்கக்கூடிய நிலையில் குற்றம் நிகழாது என்னும் இக்கட்டில்தான் இவ்வட்டாரத்து மெக்கானிக் தம் ஆயுள் முழுவதையும் கழிக்கிறார்.

இதற்கு மாற்றாக இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, ரேடியேட்டர் வாயில் பொருத்திக் கையால் அடிக்கும் பம்ப். இன்ஜின் ஓடாமலேயே பாதைக்குள் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று புரோமோதைமால் நீலம் என்னும் சாயம் கலந்த திரவம். ரேடியேட்டரின் மேலிருந்து எழும் காற்றை இதற்குள் செலுத்தும்போது, எரிந்த வாயுவின் கரியமிலவாயு அதில் இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசல் இன்ஜின் சும்மா உறுமும்போது புகையில் கரியமிலவாயு குறைவாக இருக்கும் என்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்கவேண்டிய பொறுமை இதற்குத் தேவை. ரேடியேட்டரில் குமிழி கொப்பளித்தவுடனேயே “ஹெட் கேஸ்கட்தான், இறக்கிரலாம்” என்று ஸ்பானரைத் தூக்கிவிடுபவர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

குமிழி இருந்தும் நீலம் நீலமாகவே நிற்குமானால், சந்தேகம் பிரேக்கிற்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரசர்மீது திரும்ப வேண்டும். இன்ஜினின் கூலன்ட்டாலேயே குளிர்விக்கப்படும் இச்சிறு இயந்திரத்தின் கேஸ்கட் கிழிந்தால், ஏறத்தாழ 8 பார் அழுத்தமுள்ள காற்று, ஒரு பாருக்கே மூடி திறந்துகொள்ளும் கூலன்ட் பாதைக்குள் புகுந்து அத்தனையையும் வெளியே தள்ளும். வண்டி நின்ற பிறகு கூலன்ட் எதிர்வழியில் கம்ப்ரசருக்குள் இறங்கி, ஓடத் தொடங்கியதும் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்கிற்குப் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் இராது, ஆயிலும் கெட்டிராது, சைலன்சரில் வெண்புகையும் வராது. ஏர் டேங்கின் அடித்திருகைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் பீச்சியடிக்கும். ஆனால் அந்தத் திருகைத் திறப்பது கிளீனரின் வேலை என்று டிரைவரும், டிரைவரின் வேலை என்று கிளீனரும் கருதுவதால் அது அநேகமாகத் துருவேறிக் கிடக்கும்.

இது கண்டுபிடிக்கப்படும் வேளையில் ஹெட் பெரும்பாலும் கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை கழற்றிய ஹெட் கேஸ்கட்டை மறுபடி போடலாகாது என்பதால், எந்தக் குற்றமும் செய்யாத அந்தத் தகட்டிற்குப் பதில் புதியது வாங்கப்பட்டு, ஹெட்டின் அடிப்பரப்பும் ஃபேசிங், அதாவது இழைத்துச் சமன், செய்யப்பட்டு, அவற்றோடு கம்ப்ரசரின் மலிவான கேஸ்கட்டும் மாற்றப்படும். ஒரே நாளில் எல்லாம் மாறி, அதன்பின் கூலன்ட்டும் குறையாமல் நிற்பதைக் காணும் உரிமையாளர், பில்லில் பெருந்தொகைக்கு நேரே எழுதியிருப்பதே நோயைத் தீர்த்தது என்று முடிவுகட்டி, அடுத்த லாரி தண்ணீர் குடிக்கத் தொடங்கியதும் பட்டறைக்குப் போன் போட்டு, “ஹெட்ட இறக்கிருங்க தம்பி, போன தடவை அதுலதான் சரியாச்சு” என்கிறார்.