வில்லங்க மாமா

நாட்றம்பள்ளி தாலுகா ஆபீஸுக்குப் போகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கும். ஒருவர் மட்டும் சலவைச் சட்டை, திருநீறு, கக்கத்தில் ரெக்சின் பை சகிதம் வருவார். வாயெல்லாம் பல்.

அவர்தான் எங்கள் வில்லங்க மாமா. ஒரு வம்புக்கும் போகாத மனுஷர். யார் இடம் வாங்கினாலும் "வில்லங்கம் போட்டாச்சா?" என்று கேட்டுக் கேட்டே சம்பாதித்த பெயர் இது. ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார். எங்களுடையவர் கொஞ்சம் முற்றிய கேஸ்.

வாணியம்பாடித் தோல் கம்பெனி ஒன்றில் எக்ஸ்போர்ட் கிளார்க்காக இருந்தவர். தோலைத் தொட்டதே இல்லை, ஷிப்பிங் பில்லோடு சரி. தோல் கழிவால் பாழான நிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, பகலில் கம்பெனிக்காக விளக்கக் கடிதம் டைப் அடிப்பார்; ராத்திரியில் ஆம்பூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்பார்.

"இன்னா மாமா, ரெண்டு பக்கமுமா?"

"எனக்கு ஏதுபா பக்கம்? ரெண்டுத்துலயும் இணைப்பு கரெக்டா கீதா, அத்த பாப்பேன்."

கிரயப் பத்திரம் கையில் வந்தால் மற்றவர்கள் தொகையைப் பார்ப்பார்கள். மாமா செக்குபந்தியைப் பார்ப்பார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நான்கும் பழைய பத்திரத்தோடு ஒத்துப்போனால் ஒரு பெருமூச்சு. பிறகு வாய்விட்டு வாசிப்பு. 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம்' என்ற இடம் வந்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும். ஒன்றரை சென்ட் மனையாகவே இருக்கட்டும், அடியில் கிடக்கும் புதையல் வரைக்கும் முறைப்படி கைமாறிவிட்டதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. அங்கே தோண்டினால் சாக்கடைதான் வரும் என்பது வேறு விஷயம்.

சென்ட்டை ஏர்ஸாக மனக்கணக்கிலேயே மாற்றுவார். அரை ஏர்ஸ் குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. கூடினாலும் இறங்காது.

சொந்தமாக அறுபது சென்ட் மேட்டு நிலம் உண்டு. அதன் தாய்ப்பத்திரத்தில் சேலம் ஜில்லா. 1911க்குப் பிறகு எழுதியதில் வட ஆற்காடு. 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019 முதல் திருப்பத்தூர். "ஒரு அடி நகராம அஞ்சு ஜில்லா பாத்த நெலம்பா!" என்று பத்திரங்களை வரிசையாகப் பரப்பிக் காட்டினார். அதில் இப்போது என்ன பயிர் என்று கேட்டேன். உள்ளே திரும்பி அத்தையிடம் விசாரித்தார்.

பட்டாவும் வில்லங்கமும் ஆன்லைனில் வரத் தொடங்கியபோது மனிதர் ரொம்பவே வாடிப்போனார். 1975க்கு முந்தைய வில்லங்கத்துக்கு மனுப் போட்டுப் புத்தகத்தில்தான் தேடவேண்டும் என்று தெரிந்த பிறகே முகம் தெளிந்தது.

போன மாதம் என் தங்கை வீட்டுப் பட்டா மாறுதல் ஒரே மனுவில் முடிந்துவிட்டது. மாமா வாங்கிப் பார்த்தார். "இன்னாமா இது, ஒன்னுமே இல்லியே" என்றார், ஏமாற்றமாக. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா பேருக்குப் பத்திரத்துல இனிஷியல் 'கே'. பட்டாவுல 'க'!"

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா ரெக்சின் பையின் ஜிப்பை இழுத்தபடி, "பால் இருந்தா ஒரு காப்பி போடும்மா" என்றார்.