இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்

ஓவனில் சுட்ட போர்க் சாப்பைச் சாறு சொட்டச் சொட்டச் செய்வது எப்படி என்று சொல்லித்தர அமெரிக்காவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அலுவலகம் விட்டு வந்த செவ்வாய்க்கிழமை இரவில் அதையே செருப்புத் தோலாக்குவது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. ஓஹையோவில் பன்னிரண்டு வருஷமாக அதை வெற்றிகரமாகச் செய்துவருகிறவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

கடையில் இருப்பதிலேயே மெல்லிய துண்டாகப் பார்த்து எடுங்கள். அரை அங்குலம், எலும்பில்லாதது. ஒன்றரை அங்குலக் கனத்தில் எலும்போடு வெட்டியதை எடுத்தீர்களானால், வெளிப்பக்கம் சிவந்த பிறகும் உள்ளே ஈரம் மிச்சமிருக்கும்; காரியம் கெட்டது. லாயின் சாப்புக்கு ‘போர்ட்டர்ஹவுஸ்’, ரிப் சாப்புக்கு ‘ரிப்ஐ’ என்று 2013இல் மாட்டுக்கறிப் பெயர்களைச் சூட்டினார்கள். சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டும் முதுகுச் சதைதான். ஓரத்துக் கொழுப்பில் இரண்டு இடத்தில் கத்தியால் கீறிவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கீறாத கொழுப்பு சூட்டில் சுருங்கி, துண்டைக் குழிக்கரண்டி மாதிரி வளைத்துக் கொடுக்கும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். 1 லிட்டருக்கு 60 கிராம் உப்பு, அரைமணி நேரம் போதும், சதை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், அதனால்தான் செய்யக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு: உப்புக் கரைசல் ஏற்கெனவே ஏற்றப்பட்டது என்று பொட்டலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தால், அதைப் படிக்காமல் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். உப்புக்கண்டம் ஊரில்தான் கிடைக்கும் என்ற ஏக்கம் தீரும்.

இனி மனப்பக்குவம். பாதி வேலை இதில்தான். ஆட்டுக்கறியில் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். ஆட்டுத் தொடை ஐந்து விசிலில் வேகாவிட்டால் ஏழு விசில். வேக வேகப் பஞ்சாகும். நடந்து நடந்து உரமேறிய அந்தச் சதையில் கொலாஜன் நிறைய. அது நேரம் ஆக ஆகக் கரைந்து ஜெலட்டினாகிறது. பன்றியின் முதுகோ உழைக்காத சதை. கரைவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் தண்ணீரும் புரதமும்தான். சூடு 65, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதம் ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஆகவே ‘இன்னும் கொஞ்சம் வெந்தால் மெதுவாகும்’ என்ற நம்பிக்கை ஒன்றே போதும்.

பன்றி வளர்ப்பவர்களின் ஒத்தாசையும் நமக்கு உண்டு. கொழுப்புக்குப் பயந்தவர்களைக் கவர, ‘இதுவும் வெள்ளைக் கறிதான்’ என்று 1987இல் விளம்பரம் தொடங்கினார்கள். கொழுப்பு குறைந்த பன்றிகளாகவே பார்த்துப் பெருக்கினார்கள். அப்படி வந்த சாப் பாதி காய்ந்தே வருகிறது. மீதியை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூடவே கொஞ்சம் பயம் சேர்க்க வேண்டும். எனக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பார்த்த நாடாப்புழுப் படம் போதுமாக இருந்தது. அமெரிக்கர்களுக்கு டிரிக்கினெல்லா என்ற புழு. 1835இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் என்ற மருத்துவ மாணவர் பிணத்தின் தசையில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகளைக் கண்டார். உள்ளே புழு சுருண்டிருந்தது. 1940களில் அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 400 பேருக்கு அந்தப் புழுவால் நோய் வந்தது. இப்போது இருபதுக்கும் கீழே, அதிலும் கரடி போன்ற வேட்டைக்கறியால் வருவதே அதிகம். புழு 58 டிகிரி செல்சியஸிலேயே செத்துவிடுகிறது. அமெரிக்க விவசாயத் துறை 2011இல் முழுத் துண்டுக்கான அளவை 160 ஃபாரன்ஹீட்டிலிருந்து 145க்கு, அதாவது 63 செல்சியஸுக்கு, இறக்கிவிட்டது. எடுத்த பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது நிபந்தனை. கொத்துக்கறிக்கு மட்டும் பழைய 160தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் பயப்படுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓர் அங்குலத் துண்டு 15 முதல் 20 நிமிடத்தில் ஆகிவிடும். அதற்குள் விட்டுவிடாதீர்கள். ஓவன் சூடாகும்வரை காத்திருக்காமல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஆழமான கண்ணாடித் தட்டில் நெருக்கி அடுக்கி உள்ளே தள்ளுங்கள். விட்ட தண்ணீரிலேயே அது அவிந்து கிடக்கும். அப்புறம் போனை எடுங்கள். இங்கே இரவு ஏழு என்றால் அம்மா அங்கே எழுந்து காபிக்குப் பால் வைத்திருப்பாள்.

“என்னப்பா சமையல்?”

“போர்க் சாப்மா.”

“பன்னிக்கறியா? நல்லா வெந்துச்சான்னு பாத்துட்டுக் குடுப்பா, சின்னப் புள்ளைங்க சாப்பிடுது. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்.”

அம்மா சொல்லை நான் தட்டியதில்லை.

பேச்சுவாக்கில் அந்த ஐந்து நிமிடம் இருபதாகிவிடும். பிறகு கதவைத் திறந்து, பெரிய துண்டின் நடுவில் கத்தியை இறக்கிப் பாருங்கள். லேசாக இளஞ்சிவப்பு தெரிந்தால் உடனே மறுபடி உள்ளே வையுங்கள். 145ஐத் தொட்ட கறியிலும் அந்த நிறம் இருக்கும், அது பச்சை என்று அர்த்தமில்லை. ஆனால் நாம்தான் பயத்தோடு இருக்கிறோமே. சாம்பல் நிறம் வரும்வரை இப்படியே வெட்டிப் பாருங்கள். வெளியே எடுத்ததும் ஆறவிடாமல் துண்டு போட்டால், தப்பித் தங்கிய சாறும் தட்டில் ஓடிவிடும்.

பரிமாற அமெரிக்கர்கள் ஆப்பிள் சாஸ் வைத்திருக்கிறார்கள். 1971இல் ‘தி பிரேடி பஞ்ச்’ தொலைக்காட்சித் தொடரில் பீட்டர் என்கிற பையன், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டின் குரலை இழுத்துப் பேசி இந்த ஜோடியை நாடறிய வைத்தான். புளிப்பும் இனிப்பும் பன்றிக் கொழுப்புக்குப் பொருத்தம் என்று காரணம் சொல்கிறார்கள். தொண்டையில் இறங்க வழுவழுப்பாக ஏதாவது வேண்டியிருந்தது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் அந்த வேலையை மிளகு ரசம் செய்கிறது. மனைவி ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக்கொள்வாள். பெரியவள்தான் ஒருநாள், “அப்பா, இது பீஃப் ஜெர்க்கியா?” என்று கேட்டாள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கறியின் நடுவில் குத்திச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் என்று ஒன்று பதினைந்து, இருபது டாலருக்கு விற்கிறது. 140ஐக் காட்டும்போது வெளியே எடுத்து வைத்தால், ஆறும் நேரத்தில் தானே 145க்கு ஏறிவிடும். தயவுசெய்து அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். போன வாரம் என் மனைவி வாங்கிவந்துவிட்டாள்.