மிதித்தால் காசு, மிதிக்கக் காசு

என் மகன் மாதாமாதம் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்கிறான். மாதத்துக்கு ஒரு தொடர், வாரத்துக்கு ஒரு பாதை. கூட ஓட்டுகிறவர்களில் ஜப்பான்காரர் உண்டு, பெல்ஜியம்காரர் உண்டு. பந்தயம் நடக்கும் இடம், வேளச்சேரியில் எங்கள் வீட்டு நாலாவது மாடியில் துணி காயப்போடும் அறை.

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ‘ஸ்மார்ட் டிரெய்னர்’ என்ற இரும்புக் கருவியைப் பொருத்தியிருக்கிறான். எதிரே திரை. திரையில் மேடு வந்தால் கருவி பெடலை இறுக்கும். இறக்கம் வந்தால் விடும். 2014-ல் சோதனை ஓட்டமாகத் தொடங்கிய ஸ்விஃப்ட் என்ற செயலிதான் இவனுடைய மைதானம். அதில் வாட்டோப்பியா என்றொரு கற்பனைத் தீவு. எரிமலையும் உண்டு, கடலுக்கடியில் கண்ணாடிக் குகையும் உண்டு. பிரான்ஸின் ஆல்ப் துயெஸ் மலைப்பாதையை அதன் 21 கொண்டை ஊசி வளைவுகளோடு அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் சுற்றிவிட்டு மகன் இறங்கும்போது, கீழே விரித்த பாயில் வேர்வை குளம் கட்டியிருக்கும்.

உட்கார்ந்த இடத்திலேயே சைக்கிள் விடுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கோடை விடுமுறையில் ஒரு சைக்கிள் வீரர் வருவார். நடுவில் கம்பம், அதில் குழாய் ஸ்பீக்கர், சுற்றிலும் சீரியல் பல்பு. ஒரு வாரம் இறங்காமல் வட்டமடிப்பார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. ராத்திரியில் நெஞ்சில் டியூப் லைட் உடைப்பார். கடைசி நாள் ஊர்ப் பெரியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். “இத்தனை நாள் மிதிச்சும் பக்கத்து ஊருக்குக்கூடப் போய்ச் சேரலையே இந்த ஆளு” என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே அவரும் இரண்டு ரூபாய் குத்துவார்.

அன்று மிதித்தவருக்கு ஊர் காசு கொடுத்தது. இன்று மிதிக்கிறவன் மாதச் சந்தா கட்டுகிறான்; வேடிக்கை பார்க்க நான் ஒருவன்தான்.

அப்போது பந்தயம் என்றால் வருஷத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு. அதுவும் மெதுவாக ஓட்டும் பந்தயம். கடைசியில் வருகிறவனுக்கே முதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. காலை ஊன்றினால் அவுட். டிரில் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் கட்டைவிரலை மட்டும் தரையில் தொட்டு எடுக்கிற கலைஞர்கள் இருந்தார்கள்.

மகனுடைய பந்தயத்தில் கட்டைவிரலுக்கு வேலையில்லை, எடைக்குத்தான் வேலை. ஒரு கிலோ உடம்புக்கு எத்தனை வாட் மிதிக்கிறாய் என்பதுதான் மேட்டில் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்த எடையை நாமேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் வயதைச் சொல்வது மாதிரி, சிலர் நாலைந்து கிலோவைக் குறைத்தே எழுதுகிறார்கள். அதனால் பெரிய பந்தயங்களில், எடை இயந்திரத்தின் மேல் நின்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். 2019-ல் பிரிட்டனில் இந்த வகைப் பந்தயத்தில் தேசியப் பட்டம் வென்ற ஒருவரிடமிருந்து பட்டத்தையே பறித்தார்கள். செயலிக்குள் 50,000 மீட்டர் மலையேறினால்தான் கிடைக்கும் விசேஷத் திரைச் சைக்கிளை, தான் மிதிக்காமல் ஒரு கணினி நிரலை மிதிக்கவிட்டுச் சம்பாதித்தாராம். 250 பவுண்டு அபராதம், ஆறு மாதத் தடை. சோப்பு டப்பாவுக்கு எங்கள் ஊரில் இவ்வளவு பாடுபட்டவர் இல்லை.

விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே இதற்கு உலக சாம்பியன்ஷிப் நடத்தியது. ஆண்களில் ஜெயித்த ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் துடுப்புப் படகு வீரர்! மறு வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளியும் வாங்கினார்.

ஒரு கணக்குத்தான் எனக்குப் பிடிபடவில்லை. என் பழைய சைக்கிளில் டைனமோ இருந்தது. மிதித்தால் மூன்று வாட் விளக்கு எரியும். எரியாவிட்டால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். மகன் இருநூறு வாட்டுக்கு மேல் மிதிக்கிறான். ஒரு பல்பு எரியவில்லை. அவனுக்காக ஃபேன், திரை, ரூட்டர், டிரெய்னர் எல்லாம் கரண்டில் ஓடுகின்றன. போன மாதத் தொடரின் கடைசி ஓட்டத்தில், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கரண்ட் போனது. இவனைத் தாண்டி பெல்ஜியம்காரர் போய்விட்டார். அவர் ஊரில் கரண்ட் போகாது.

“ஏன்டா, ரோட்டுல ஓட்டினா இந்தத் தொல்லை இல்லையே?”

“வேளச்சேரி ரோட்டுலயாப்பா? தண்ணி லாரிக்கு யார் பதில் சொல்றது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சொல்வது நியாயம்.

அன்றைக்கே, பந்தயம் முடிந்து அவனுக்கு வேண்டிய வாழைப்பழமும் இளநீரும் டெலிவரி செயலி வழியாக வந்தன. கொண்டுவந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். “என்னப்பா, எதுல வந்த?” என்றேன்.

“சைக்கிள்லதான் சார். லிஃப்ட்ல ஏற விடமாட்டேன்னுட்டாங்க.”

எங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு போர்டு இருக்கிறது: டெலிவரி ஆட்கள் மாடிப்படியைப் பயன்படுத்தவும். தண்ணி லாரிக்கு நடுவே மிதித்து வந்து, இளநீரைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறிய அவனுக்கு வாட் கணக்கும் இல்லை, தரவரிசையும் இல்லை. கிடைப்பது ஐந்து நட்சத்திரமோ நாலோ, அதுவும் நம் கையில்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தப் போர்டை எடுக்கச் சொல்லப் போகிறேன். உங்கள் குடியிருப்பிலும் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.